வாத்து செய்த காரியம்

கடைசி அத்தியாயத்தைக் காணவில்லை.

அறிவிப்பாளர் புத்தகத்தைத் திருப்பிப் பார்த்தார். தலைகீழாகப் பிடித்து உதறினார். மேசைக்கு அடியில் தலையை விட்டுத் தேடினார். பதினோராம் அத்தியாயம் முடிந்த பக்கத்துக்கு அடுத்ததாகப் பின்னட்டைதான் வந்தது. இரண்டுக்கும் நடுவில் கொஞ்சம் காய்ந்த பசையும், பிரிந்த நூலும், கிழிந்த காகித நுனிகளும் மட்டும் மிச்சம் இருந்தன.

அவர் பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளர். மாடியில் ஒரு கண்ணாடி அறை, ஒரு மைக், ஒரு மின்விசிறி, ஒரு நாற்காலி. அதுதான் அவருடைய ராஜாங்கம். எந்த வண்டி எந்த நடைமேடையில் நிற்கிறது, எது தாமதம், எது ரத்து என்று நேரக் காப்பாளர் சீட்டில் எழுதிக் கொடுப்பார். இவர் படிப்பார். சீட்டில் உள்ளதற்கு மேல் ஓர் எழுத்தைக் கூட்டியதும் இல்லை, குறைத்ததும் இல்லை.

"நம்ம ஆளு தும்மணும்னாகூட யாராவது எழுதிக் குடுக்கணும்" என்று நேரக் காப்பாளர் கேலி செய்வார். அறிவிப்பாளர் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொள்வார்.

அந்தக் குரலுக்கு இப்போது வீட்டிலும் வேலை வந்திருந்தது. கிறிஸ்துமஸ் நெருங்குகிறதே என்று நூலகத்திலிருந்து பிள்ளைகளுக்கு ஒரு புத்தகம் எடுத்து வந்திருந்தார். கிறிஸ்துமஸ் தாத்தாவுக்குச் சளி பிடித்துவிடுகிறது. அவர் தும்மினால் மான்கள் மிரண்டு ஓடுகின்றன. வீட்டில் சும்மா தின்றுகொண்டிருந்த வாத்து, 'இனிமேல் நான்தான் மேனேஜர்' என்று பொறுப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, குழந்தைக்குப் போக வேண்டிய கிலுகிலுப்பையைப் போலீஸ்காரருக்கும் போலீஸ்காரருக்குப் போக வேண்டிய விசிலைக் குழந்தைக்கும் கொடுத்துவிட்டு, பழியைத் தாத்தா தலையில் போடுகிறது. தினமும் சாயங்காலம் ஓர் அத்தியாயம். தாத்தா தும்மும் இடம் வந்தால் அப்பா, மகள், மகன் மூன்று பேரும் சேர்ந்து தும்ம வேண்டும். நான்கு வயதுச் சின்னவனின் தும்மலில் சாரலும் சேர்ந்து வரும்.

மூத்தவள் இரண்டாம் வகுப்பு. வீட்டில் சட்டதிட்டம் எல்லாம் அவள் பொறுப்பு. படிக்காத அத்தியாயங்களை யாரும் முன்கூட்டியே எட்டிப் பார்க்கக் கூடாது என்று, மிச்சப் பக்கங்களைப் பின்னட்டையோடு சேர்த்து ஒரு ரப்பர் பேண்டைப் போட்டு வைத்திருந்தாள். குடியிருப்பு முழுக்க அவள் பரப்பியிருந்த செய்தி ஒன்று உண்டு.

"மத்த அப்பாவெல்லாம் தூக்கம் வந்தா ரெண்டு பக்கத்தைச் சேர்த்துத் திருப்பிடுவாங்க. எங்கப்பா புக்குல இருக்கிறதை அப்படியே படிப்பாரு. சொந்தமா ஒண்ணுமே விடமாட்டாரு."

இதை ஒருமுறை படிக்கட்டில் நின்று ஒட்டுக்கேட்டதிலிருந்து அறிவிப்பாளரின் நெஞ்சு இரண்டு அங்குலம் அகன்றிருந்தது. நிர்வாகம் கொடுத்த கேடயத்தை அலமாரியில் பூட்டிவிட்டார். மகள் கொடுத்த சான்றிதழைத் தினமும் சட்டைப் பையில் வைத்துக்கொண்டுதான் வேலைக்குப் போனார் என்று சொல்லலாம்.

கடைசி அத்தியாயத்தில் நாக்குத் தடுமாறக் கூடாதே என்று ஒத்திகை பார்க்கத்தான் அன்று புத்தகத்தை வேலைக்கு எடுத்து வந்தார். மகளுக்குத் தெரியாமல் ரப்பர் பேண்டைக் கழற்றினார். கழற்றியதற்கு உடனடித் தண்டனை கிடைத்துவிட்டது.

பதினோராம் அத்தியாயம் இப்படி முடிந்திருந்தது: ஒரு மொட்டை மாடியில் வண்டி சிக்கிக்கொண்டது. தாத்தா தும்மித் தும்மிக் களைத்துத் தூங்கிவிட்டார். அவருடைய கோட்டு கிழிந்துவிட்டது. மான்கள் ஓடிவிட்டன. மூட்டையில் பெயர் எழுதாத ஒரே ஒரு பொட்டலம் மிச்சம். விடியப் போகிறது. வாத்து கழுத்தை நீட்டி நாலு பக்கமும் பார்த்தது. பிறகு...

பிறகு என்ன என்பதைத்தான் காணோம். பொருளடக்கத்தில் மட்டும் அதன் தலைப்பு பத்திரமாக உட்கார்ந்திருந்தது: 'பன்னிரண்டு. வாத்து செய்த காரியம்.'

அறிவிப்பாளருக்கு முந்தின நாள் சாயங்காலம் நினைவுக்கு வந்தது. பால்கனியில் உட்கார்ந்து படித்தார்கள். வாத்து கூரைக்குத் தாவும் இடத்தில், சும்மா படித்தால் போதாதென்று, புத்தகத்தையே வாத்தாக்கிக் கைப்பிடிச் சுவருக்கு வெளியே பறக்க விட்டார். வாத்து நழுவிக் கீழே செடிக்குள் விழுந்தது. ஓடிப்போய் எடுத்து வந்து, மண்ணைத் தட்டி, ரப்பர் பேண்டை மாட்டிவிட்டார். அப்போதுதான் அந்த அத்தியாயம் கழன்று விழுந்திருக்க வேண்டும்.

சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த கதையாகிவிட்டதே என்று தலையில் அடித்துக்கொண்டார். உடனே குடியிருப்புக் காவலாளிக்குப் போன் போட்டார்.

"என் பால்கனிக்குக் கீழ, செடிக்குள்ள ரெண்டு மூணு பேப்பர் கிடக்கும். கொஞ்சம் பார்த்து எடுத்து வைப்பா. முக்கியமான பேப்பர்."

"கவலையை விடுங்க சார். இப்பவே ஆளுங்களை இறக்குறேன்" என்றார் காவலாளி.

அவர் இறக்கிய ஆட்கள் யார் என்பது சாயங்காலம் வீடு திரும்பியபோது தெரிந்தது. குடியிருப்பின் மொத்தச் சிறுவர் பட்டாளமும் செடிகளுக்குள் தவழ்ந்துகொண்டிருந்தது. தலைமை, மூத்தவள்.

"அப்பா! உங்க பேப்பரைத் தேடிட்டு இருக்கோம்! என்ன பேப்பர்ப்பா அது?"

அறிவிப்பாளர் புத்தகம் இருந்த பையை முதுகுக்குப் பின்னால் நகர்த்தினார். "ஆபீஸ் பேப்பர்மா."

யாரும் எழுதிக் கொடுக்காமல் அவர் சொந்தமாகக் கட்டிச் சொன்ன முதல் வாக்கியம் அது. பொய்யாகவும் போய்விட்டது.

மகள் இரண்டு கை நிறையக் காகிதங்களைக் கொண்டுவந்து கொட்டினாள். யாரோ வீட்டுச் சலவை ரசீது, மருந்துக்கடைச் சீட்டு, மிட்டாய் உறைகள், பாதி வரைந்த யானை. "இதுல எதுப்பா?" என்று ஒவ்வொன்றாக நீட்டினாள். அவரும் ஒவ்வொன்றையும் வாங்கி, முகத்தைச் சீரியஸாக வைத்துக்கொண்டு படித்து, "இது இல்லம்மா" என்று திருப்பிக் கொடுத்தார். யானையை மட்டும் சின்னவன் தன்னுடையது என்று பிடுங்கிக்கொண்டான்.

"சரி விடுங்கப்பா. மேல வாங்க. கடைசி அத்தியாயம்!"

படி ஏறுவதற்குள் அவருக்கு ஒரு யோசனை வந்தது. அன்றைய பொழுதை எப்படியாவது தள்ளிவிட்டால் போதும், மறுநாள் ஏதாவது புத்தகக் கடையில் வேறு பிரதி வாங்கிவிடலாம். வீட்டுக்குள் நுழைந்ததும் தொண்டையைப் பிடித்துக்கொண்டு, கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல ஒரு குரலை எடுத்துவிட்டார்.

"தொண்டை... கட்டிக்கிச்சும்மா..."

மகள் முகம் வாடியது. ஆனால் அவள் வாடிக்கொண்டே உட்கார்ந்திருக்கும் ரகம் இல்லை. "நீங்க பேசாதீங்கப்பா" என்று கட்டளையிட்டுவிட்டு, தொண்டைக்குத் தேன் வாங்கி வர வெளியே ஓடினாள். போனவள் ஒரு வீட்டோடு நிற்கவில்லை. அரை மணி கழித்து மூன்று வீட்டுத் தேனோடும் ஒரு நல்ல செய்தியோடும் திரும்பினாள்.

"கதை நாளைக்குத்தான்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன்ப்பா. பல் டாக்டர் வீட்டுலயும், டிரைவிங் மாஸ்டர் வீட்டுலயும், தையல்கார ஆன்ட்டி வீட்டுலயும் நாளைக்குக் கேட்க வர்றாங்களாம். அவங்க வீட்டுலயெல்லாம் முன்னாடியே இந்தப் புக்கை எடுத்துப் படிச்சிருக்காங்களாம். இருந்தாலும் வர்றாங்களாம்!"

அறிவிப்பாளர் உண்மையிலேயே பேச்சிழந்தார்.

சற்று நேரத்தில் அடுப்பில் பால் பொங்கியது. "பால் பொங்குது!" என்று அவர் போட்ட சத்தத்தில் கீழ்வீட்டுக்காரர்களும் தங்கள் அடுப்பைப் பார்க்க ஓடியிருப்பார்கள். நல்ல வேளை, பிள்ளைகள் தேன் கிண்ணங்களைத் திருப்பிக் கொடுக்க வெளியே போயிருந்தார்கள். மனைவி கரண்டியோடு வந்து நின்றாள். அவள் ஒரு மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பவள். எதிரில் இருப்பவருக்கு எவ்வளவு தெரிகிறது, எவ்வளவு தெரியவில்லை என்று கண்டுபிடிப்பதுதான் அவள் பிழைப்பே.

"தொண்டை தேவலையாகிடுச்சு போல?"

அவர் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார்.

"இவ்வளவுதானே? தொலைஞ்சு போச்சுன்னு பிள்ளைங்ககிட்ட சொல்லிடுங்க."

"எப்படிச் சொல்றது? ஊரான் வீட்டுப் புத்தகத்தை பால்கனியிலேருந்து போட்டுக் கிழிச்சவன்னு தெரிஞ்சா அவ என்னைப் பத்தி என்ன நினைப்பா? ஊரெல்லாம் என்னைப் பத்திப் பெருமையா சொல்லி வெச்சிருக்கா."

"அப்ப நீங்களே ஒரு முடிவைச் சொல்லுங்க."

"நானா? சொந்தமாவா?" வீட்டை விற்றுவிடச் சொன்னதுபோல அவர் பதறினார். "எனக்கு யாராவது எழுதிக் குடுத்தாத்தானே வரும்."

மனைவி யோசித்தாள். "அந்த மூணு வீட்டுலயும் படிச்சிருக்காங்களே. போய்க் கேளுங்க. கதை அவங்களுக்கு ஞாபகம் இருக்கும்."

இதுவல்லவா புத்தி என்று அவர் நிம்மதியாகத் தூங்கினார். மறுநாள் காலை வழியில் இரண்டு புத்தகக் கடைகளில் கேட்டார். அந்தப் புத்தகம் இப்போது வருவதே இல்லை என்றார்கள். நேராகப் பல் டாக்டரின் கிளினிக்குக்குப் போனார்.

"டாக்டர், அந்தத் தும்மல் தாத்தா புத்தகம். அதுல கடைசியா வாத்து என்ன பண்ணுது?"

ஒரு நோயாளியின் வாயைத் திறந்து வைத்திருந்த பல் டாக்டர் ஒரு கணம் அப்படியே நின்றார். "ஏன், நீங்க இன்னும் அதைப் பார்க்கலையா?"

"பார்த்தேன். அதாவது... உங்களுக்கு ஞாபகம் இருக்கான்னு சும்மா..."

"ஞாபகம் இல்லாம என்ன? தாத்தாவுக்கு வந்தது சளியே இல்ல. சொத்தைப் பல். அந்த வலியிலதான் அவருக்கு அத்தனை தும்மலும். வாத்து பல்லுல நூலைக் கட்டி, இன்னொரு நுனியை வண்டியில கட்டி, ஒரே இழுப்பு! தும்மல் நின்னுடுச்சு. காலையிலும் ராத்திரியிலும் பல் தேய்க்கணும்னு தாத்தா சத்தியம் பண்றாரு. அதோட கதை முடிஞ்சுது."

வாயைத் திறந்தபடி இருந்த நோயாளியும் தலையை ஆட்டினார். அறிவிப்பாளர் மகிழ்ந்து போனார். இருந்தாலும் ஒரு வார்த்தை சரிபார்த்துக்கொள்வது அவர் தொழில் புத்தி. தெருமுனையில் கார் துடைத்துக்கொண்டிருந்த டிரைவிங் மாஸ்டரிடம் கேட்டார்.

"பல்லா? பல்லும் இல்ல, சொல்லும் இல்ல" என்றார் மாஸ்டர். "வாத்து டிரைவர் சீட்டுல உட்காருது. ரெண்டு பக்கக் கண்ணாடியையும் பார்க்குது. கையைக் காட்டிட்டு, மொட்டை மாடியிலேருந்து வண்டியை ரிவர்ஸ்லயே இறக்குது! அதுதான் சார் முடிவு. எம் பொண்ணுக்கு அந்த இடம்னா உயிரு."

தையல்கார அம்மா இன்னொன்று சொன்னார். "வாத்து தன்னோட இறகைப் பிடுங்கி ஊசி பண்ணி, தாத்தாவோட கிழிஞ்ச கோட்டைத் தைச்சுதுங்க. டபுள் தையல். இனிமே கிழியாது. குளிர் விட்டதும் தும்மலும் விட்டுப் போச்சு. என் பையன் அன்னைக்கு என்னைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டான்."

அறிவிப்பாளருக்குத் தலை சுற்றியது. இவர்களுக்கு ஞாபகசக்தி இவ்வளவு மோசமா, ஒவ்வொருவருக்கும் அவரவர் தொழில் மட்டும்தான் நினைவில் நிற்குமா என்று எரிச்சலாக வந்தது. ஒரு முடிவு இல்லாமல் தவித்தவருக்கு இப்போது மூன்று முடிவுகள். மூன்று வீட்டுப் பிள்ளைகளும் வந்து உட்காரப் போகிறார்கள். எதைச் சொன்னாலும் மற்ற இரண்டு வீட்டுப் பிள்ளைகளும் 'தப்பு, தப்பு' என்று எழுந்து நிற்பார்கள். அதுவும் அவருடைய மகள் முன்னால்.

வேலையில் மனம் ஒட்டவில்லை. நேரக் காப்பாளர் நீட்டிய சீட்டை எடுத்து மைக்கைத் திறந்தார்.

"பயணிகளின் கனிவான கவனத்திற்கு. நான்காவது நடைமேடையில் இருந்து புறப்பட வேண்டிய வாத்து, தவிர்க்க முடியாத காரணங்களால் தாமதமாகப் புறப்படும்."

கீழே நிலையமே நிமிர்ந்து பார்த்தது. நான்காவது நடைமேடையில் சில பேர் வாத்தைத் தேட ஆரம்பித்தார்கள். நேரக் காப்பாளர் மூச்சிரைக்கப் படியேறி வந்தார்.

"நான் எழுதினது வண்டின்னுதானே?"

"ஆமா."

"உடம்பு சரியில்லையா?"

"கதை சரியில்ல" என்றார் அறிவிப்பாளர். அதற்கு மேல் விளக்கம் சொல்லத் தெம்பில்லை.

சாயங்காலம் கூடத்தில் இடம் போதவில்லை. பிள்ளைகள் தரையில் வரிசையாக உட்கார்ந்தார்கள். பெரியவர்கள் சாப்பாட்டு மேசை நாற்காலிகளைப் பிடித்துக்கொண்டார்கள். விந்தை என்னவென்றால், பிள்ளைகளைவிட அந்த மூன்று பெற்றோர்தான் முன்னால் நகர்ந்து நகர்ந்து உட்கார்ந்தார்கள். பல் டாக்டர் கிளினிக்கைச் சீக்கிரமே மூடிவிட்டு வந்திருந்தார்.

மூத்தவள் எழுந்து நின்றாள். "எல்லாரும் அமைதியா இருங்க. எங்கப்பா படிக்கப் போறாரு. எழுதியிருக்கிறதை அப்படியே படிப்பாரு. குறுக்கப் பேசக் கூடாது."

உரலுக்குள் தலையை விட்டாயிற்று, இனி உலக்கைக்குப் பயந்து என்ன செய்வது? அறிவிப்பாளர் சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு, யாரும் எட்டிப் பார்க்க முடியாதபடி புத்தகத்தை மார்புக்கு நேராகத் தூக்கிப் பிடித்தார். அவர் கண்ணெதிரே பின்னட்டையின் உட்பக்கம் வெள்ளையாக இருந்தது.

"பன்னிரண்டாம் அத்தியாயம். வாத்து செய்த காரியம்."

வாழ்க்கையில் முதல் முறையாக, சீட்டு இல்லாமல் படிக்க அவர் வாயைத் திறந்தார்.

"வாத்து கழுத்தை நீட்டி நாலு பக்கமும் பார்த்தது. பிறகு, தன் இறகில் ஒன்றைப் பிடுங்கியது. ஆ, வலிக்கிறது! பரவாயில்லை, மேனேஜர் வேலை என்றால் சும்மாவா? இறகையே ஊசியாக்கித் தாத்தாவின் கிழிந்த கோட்டைத் தைத்தது. ஒற்றைத் தையல் இல்லை..."

"டபுள் தையல்!" என்று தையல்கார அம்மாவின் மகன் கத்தினான்.

"டபுள் தையல்" என்று அறிவிப்பாளர் உறுதிப்படுத்தினார். தையல்கார அம்மா கையிலிருந்த கைப்பை நழுவித் தரையில் விழுந்தது. அவர் அதை எடுக்கவில்லை.

"கோட்டைத் தைத்தும் தும்மல் நிற்கவில்லை. அச்ச்சூ!"

கூடமே தும்மியது. சின்னவனின் சாரலில் முன்வரிசை நனைந்தது.

"இது என்னடா சளி என்று வாத்து தாத்தாவின் வாய்க்குள் எட்டிப் பார்த்தது. அங்கே, கடைசி வரிசையில், கறுப்பாக ஒரு..."

"சொத்தைப் பல்லு! நான் சொன்னேன்ல, நான் சொன்னேன்ல!" பல் டாக்டர் மகன் குதித்தான்.

வாத்து நூல் கட்டியது, இழுத்தது, பல் வந்தது. பிறர் வாயைத் திறக்கச் சொல்லியே பழகிய பல் டாக்டரின் வாய் தானாகத் திறந்து, அப்படியே நின்றுவிட்டது. அறிவிப்பாளருக்கு உற்சாகம் பொங்கியது. என் குரலில் இவ்வளவு உருக்கமா என்று அவருக்கே ஆச்சரியம். வண்டியை எடுத்தார்.

"வாத்து டிரைவர் இருக்கையில் ஏறி உட்கார்ந்தது..."

"கண்ணாடி! கண்ணாடி பார்க்கணும்!" என்றாள் மாஸ்டரின் மகள்.

"இரும்மா, பார்க்குது. இடப்பக்கக் கண்ணாடி. வலப்பக்கக் கண்ணாடி. கையைக் காட்டியது. பின்னால் போ, பின்னால் போ, நில்லு, நில்லு!" டிரைவிங் மாஸ்டர் நாற்காலியை இறுகப் பிடித்துக்கொண்டு, இல்லாத பிரேக்கை வலது காலால் மிதித்தார்.

வண்டி பத்திரமாகத் தரைக்கு வந்தது. மூன்று வீட்டுப் பிள்ளைகளும் கைதட்டினார்கள். அறிவிப்பாளர் பெருமூச்சோடு புத்தகத்தை மூடப் போனார்.

"அப்பா, அந்தப் பொட்டலம்?"

மூத்தவள்தான். "பேர் எழுதாத பொட்டலம் ஒண்ணு இருந்துச்சே. அது யாருக்கு?"

இதை அந்த மூன்று பேரில் ஒருவரும் சொல்லவில்லை. மனைவி சமையலறை வாசலில் கரண்டியை இறுகப் பிடித்துக்கொண்டு நின்றாள். அறிவிப்பாளர் வெள்ளைத் தாளைப் பார்த்தார். அதில் ஒன்றும் இல்லை. மகளைப் பார்த்தார். 'எங்கப்பாவுக்குத் தெரியும்' என்று அந்த முகத்தில் பளிச்சென்று எழுதியிருந்தது. எழுதியிருப்பதைப் படிக்க அவருக்குச் சொல்லியா கொடுக்க வேண்டும்?

"வாத்து அந்த வீட்டின் மாடியில் மறுபடி ஏறி நின்றது" என்று மெதுவாகத் தொடங்கினார். "தொண்டையைச் சரிசெய்துகொண்டது. 'மான்களின் கனிவான கவனத்திற்கு. தும்மல் நின்றுவிட்டது. மான்கள் அனைத்தும் உடனடியாக முதலாவது நடைமேடைக்கு வந்து சேரவும்.' மான்கள் ஒவ்வொன்றாக வந்தன. சத்தம் கேட்டுத் தாத்தா விழித்துக்கொண்டார். அவர் பொட்டலத்தைப் பார்த்தார். வாத்தைப் பார்த்தார். இந்த ராத்திரி முழுக்க அந்த வாத்து யார் யார் பெயரையோ கூப்பிட்டிருக்கிறது. அதன் பெயரை யாரும் ஒருமுறைகூடக் கூப்பிட்டதில்லை. தாத்தா பேனாவை எடுத்துப் பொட்டலத்தின் மேல் பெயர் எழுதினார். பிறகு அவரே மாடியில் ஏறி நின்று, ஊருக்கெல்லாம் கேட்கும்படி அறிவித்தார். 'மேனேஜர் வாத்து அவர்கள் எங்கிருந்தாலும் உடனடியாக வண்டிக்கு அருகில் வரவும்.'"

சின்னவன்தான் கேட்டான்: "உள்ள என்னப்பா?"

"ஒரு பெரிய கைக்குட்டை. அதில் ஒரு சீட்டு. 'அடுத்த வருஷமும் நீதான் மேனேஜர். இது என் மூக்குக்கு.'"

சிரிப்பு அடங்க வெகு நேரமானது. கடைசியாக எல்லோருமாகப் போட்ட தும்மலில் ஜன்னல் அதிர்ந்தது. அறிவிப்பாளர் புத்தகத்தை மூடி நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். அது பயத்தில் அல்ல. தனக்குள்ளிருந்து, யாரும் எழுதிக் கொடுக்காமல் ஒரு விஷயம் வந்திருக்கிறது என்ற பெருமையில்.

பல் டாக்டர் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "சார், அந்தப் பல்லு விஷயம்... அப்படியேவா போட்டிருக்கு?"

"அப்படியே" என்றார் அறிவிப்பாளர், வேறு வழியில்லாமல்.

"நம்பவே முடியல சார்" என்று சொன்ன டாக்டர், ஏதோ பரிசு வாங்கியவர்போல நிமிர்ந்து நடந்து போனார். "ரிவர்ஸ்கூடவா சார்?" என்று கேட்ட மாஸ்டர் அவர் தோளைத் தட்டிவிட்டுப் போனார். தையல்கார அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, மகனை அணைத்தபடி படியிறங்கினார். நல்ல இலக்கியம் மனிதர்களை எப்படி உருக்குகிறது என்று அறிவிப்பாளர் வியந்தார்.

"பார்த்தீங்களாடா, எங்கப்பா ஓர் எழுத்துகூட விடல" என்று மகள் வாசல்வரை போய் எல்லோரையும் வழியனுப்பினாள். திரும்பி வந்து அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். "சூப்பர் அத்தியாயம்ப்பா. நாளைக்கு லீவுதானே? அதை முதல்லேருந்து நானே படிக்கப் போறேன்!"

ஏறிய பெருமை சர்ரென்று இறங்கியது.

மறுநாள் மகள் கண் விழிப்பதற்குள் அவர் புத்தகத்தோடு நூலக வாசலில் நின்றார். நூலகர் அம்மா கதவைத் திறந்து, விளக்கைப் போட்டு, கண்ணாடியை மாட்டிக்கொண்டு உட்காரும்வரை பொறுத்திருந்தார். பிறகு கொட்டிவிட்டார். பால்கனி, செடி, ஆபீஸ் பேப்பர், தொண்டைக்கட்டு, ஊராரிடம் கேட்டது, இல்லாத பக்கத்தைப் படித்தது, ஒன்று விடாமல்.

"தப்பு என்னோடதுதாங்க. உங்க புத்தகத்தோட கடைசி அத்தியாயத்தைத் தொலைச்சுட்டேன். என்ன அபராதமோ கட்டிடுறேன். எம் பொண்ணுகிட்ட மட்டும் நீங்களா எதுவும் சொல்லிடாதீங்க. நானே சொல்லிக்கிறேன்." சற்று நிறுத்திவிட்டு, அடக்க முடியாமல் சேர்த்துக்கொண்டார். "ஆனா ஒண்ணுங்க. நான் படிச்ச விதத்துல எல்லாரும் உருகிட்டாங்க."

நூலகர் அம்மா புத்தகத்தை வாங்கினார். பின்னட்டையைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டு, உட்காரச் சொல்லி, கதை கேட்க வந்த குழந்தைபோலக் கன்னத்தில் கையை வைத்துக்கொண்டார்.

"அந்த அத்தியாயம் இந்தப் புத்தகம் இங்க வந்த அன்னைக்கே இல்ல சார், பல் டாக்டரும், டிரைவிங் மாஸ்டரும், தையல்கார அம்மாவும் ஆளுக்கொரு வருஷம் இதே இடத்துல நின்னு 'நான்தான் தொலைச்சுட்டேன்'னு மன்னிப்புக் கேட்டுட்டு, அவங்க அவங்க கட்டிவிட்ட முடிவைப் பெருமையா சொல்லிட்டுப் போனாங்க, இப்ப நீங்க சொல்லுங்க, உங்க வீட்டுல வாத்து என்ன பண்ணுச்சு?"